கோடு எங்கே போச்சு? ஆட்டோகேட் படத்தில் லேயர் மறையும் சிக்கல்கள், அறிகுறி வாரியாக

புளியரை செக்போஸ்ட்டைத் தாண்டினால் வீட்டுப் படத்தின் கணக்கே மாறிவிடும். இந்தப் பக்கம் வீட்டுக்காரர் சதுர அடியில் பேசுவார், அந்தப் பக்கம் சதுர மீட்டர். நாம் சென்ட் என்று சொல்லும் மனையைக் கேரளப் பத்திரம் ஆர் என்று எழுதியிருக்கும். 1 ஆர் என்றால் 100 சதுர மீட்டர், ஏறத்தாழ 2.47 சென்ட். செங்கோட்டையில் உட்கார்ந்து தென்காசிக்கும் புனலூருக்கும் படம் போடுகிறவன் நான். ஆட்டோகேட் என்பது கணினியில் படம் வரையும் மென்பொருள். அதில் சுவர், கதவு, அளவு என்று ஒவ்வொன்றையும் தனித்தனி லேயரில், கண்ணாடித் தாள்களை அடுக்கியதுபோல் வரைவோம். என் மேசைக்கு வரும் ஃபைல்களில் பாதி வேறு யாரோ, வேறு பழக்கத்தில், தொடங்கி வைத்தவை. நம் ஆள் சுவருக்கு ‘வால்’ என்று லேயர் பெயர் வைத்தால் புனலூர்க்காரர் ‘பித்தி’ என்று வைத்திருப்பார். அதனால் வாரத்துக்கு இரண்டு முறையாவது ஆபீஸில் இந்தக் குரல் கேட்கும்: “அண்ணாச்சி, செப்டிக் டேங்கைக் காணும்.”

காணாமல் போனது பெரும்பாலும் அழிந்திருக்காது, ஒளிந்திருக்கும். ஒரு கோட்டை ஒளித்து வைக்க ஆட்டோகேட்டில் ஏழெட்டு வழி இருக்கிறது. ஒரு வழியில் ஒளிந்ததை இன்னொரு வழியில் தேடினால் சாயங்காலம் வரை கிடைக்காது. நம் பிள்ளைகள் முதலில் செய்வது எல்லா லேயரையும் ஒரே அடியில் திறந்துவிடுவது: லேஆன், அடுத்து லேதா (எழுத்து: எல், ஏ, ஒய், டி, எச், டபிள்யூ). என் ஆபீஸில் அதை முதல் வேலையாகச் செய்ய விடமாட்டேன். நூற்றைம்பது லேயர் உள்ள படத்தில் முந்தின ஆள் காரணத்தோடு மூடி வைத்ததும் சேர்ந்து திறந்துகொள்ளும். பழைய பிளான், ரத்தான மாடிப்படி, சர்வேயரின் புள்ளிகள் எல்லாம் மேலே மேலே விழும். எது எதற்காக மூடியிருந்தது என்று பிறகு யாருக்கும் தெரியாது. தெரியாமல் திறந்துவிட்டால் உடனே லேயர்-பி அடியுங்கள். லேயர் அமைப்பு மட்டும் ஒரு படி பின்னால் போகும், வரைந்த வேலை போகாது.

கமாண்டுகளை உச்சரிப்புப்படி எழுதியிருக்கிறேன். எழுத்து குழப்பும் இடத்தில் மட்டும் எழுத்தையும் சொல்லியிருக்கிறேன்.

முதலில் அந்த நாலு சின்னப் படங்கள்

லேயர் பட்டியலில் ஒவ்வொரு பெயரோடும் ஒரு பல்ப், ஒரு சூரியன், ஒரு பூட்டு, ஒரு பிரிண்டர் இருக்கும். பல்ப் அணைந்தால் லேயர் ஆஃப். சூரியன் பனிப்பூவாக மாறினால் ஃப்ரீஸ். பூட்டும் பிரிண்டரும் பார்த்தாலே புரியும்.

ஆஃபும் ஃப்ரீஸும் கண்ணுக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். குணம் வேறு. ஆஃப் ஆன லேயர், கல்யாண வீட்டில் திரைக்குப் பின்னால் நிற்கிற ஆள் மாதிரி. முகம் தெரியாது, ஆனால் “எல்லாரும் சாப்பிட வாங்க” என்றால் அவனும் வந்துவிடுவான். ஃப்ரீஸ் ஆனது ஊரிலேயே இல்லாத ஆள். கூப்பிட்டாலும் கேட்காது, கணக்கிலும் வராது. ரீஜென் (படத்தைத் திரையில் புதிதாகக் கணக்கிட்டுக் காட்டும் கமாண்ட்) ஓடும்போது ஆட்டோகேட் ஆஃப் லேயரை மறுபடி கணக்கிடும், ஃப்ரீஸ் லேயரைத் தொடாது. அதனால்தான் பெரிய படத்தில் ஃப்ரீஸ் செய்தால் மெஷின் லேசாகிறது. இந்த ஒரு வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டால் கீழே வருவதில் பாதி விளங்கிவிடும்.

“வரைகிறேன், கையை எடுத்ததும் மறைகிறது”

கரண்ட் லேயரே, அதாவது இப்போது வரைகிற லேயரே, ஆஃப் ஆகியிருக்கும். கரண்ட் லேயரை ஃப்ரீஸ் செய்ய ஆட்டோகேட் விடாது. ஆஃப் செய்ய விடும், ஒரு எச்சரிக்கையோடு. அந்த எச்சரிக்கைப் பெட்டியைப் படிக்காமல் என்டர் தட்டுகிறவர்கள்தான் நாம் எல்லோரும். பல்பை ஏற்றுங்கள், அதுவரை வரைந்தது மொத்தமும் வந்து நிற்கும். வரவில்லையே என்று ஒரே சுவரை ஐந்து முறை வரைந்திருந்தால் ஐந்தும் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும். ஓவர்கில் ஓட்டிக் கழித்துவிடுங்கள்.

கோடு நிற்கிறது, ஹாட்ச் (பரப்பை நிரப்பும் கோட்டு வடிவம்) மட்டும் மறைகிறது, அல்லது டைமென்ஷன் (அளவுக் கோடு) மட்டும் மறைகிறது என்றால் வேறு காரணம். ஹாட்சுக்கு எச்பி-லேயர், டைமென்ஷனுக்கு டிம்லேயர் என்று இரண்டு மாறிகள் உண்டு. கரண்ட் லேயர் எதுவாக இருந்தாலும் அவை தனி லேயருக்குக் கொண்டுபோய்ப் போடும். அந்த லேயர் மூடியிருந்தால் ஹாட்ச் போட்ட இடம் காலி. இரண்டையும் ‘யூஸ் கரண்ட்’ என்று மாற்றினால் சரி.

இதன் உறவுக்காரச் சிக்கல் ஒன்று: இன்னொரு படத்திலிருந்து காப்பி செய்து ஒட்டுகிறீர்கள், எதுவும் வரவில்லை. இரண்டு படத்திலும் ஒரே பெயரில் லேயர் இருந்தால், ஒட்டுகிற படத்தின் அமைப்புதான் செல்லும். அங்கே ‘பர்னிச்சர்’ திறந்திருந்து இங்கே ஃப்ரீஸ் ஆகியிருந்தால், ஒட்டிய கட்டிலும் மேசையும் பனிக்குள்ளே போய்விடும். வரவில்லையே என்று மூன்று முறை ஒட்டாதீர்கள்.

“பல்ப் எரியுது, சூரியனும் இருக்கு, ஆனா பொருளைக் காணும்”

திரையின் வலது கீழ் மூலையைப் பாருங்கள். அங்கே பொருள்களை மறைப்பதற்கென்று ஒரு சின்ன அடையாளம் இருக்கிறது. யாரோ சுவரைத் தேர்ந்தெடுத்து, ரைட் கிளிக்கில் ஐசோலேட் போய், ஹைடு கொடுத்திருப்பார்கள். இது லேயர் வழி மறைப்பதில்லை, பொருளையே மறைப்பது. லேயர் பட்டியலில் இதன் தடயம் ஒன்றும் இருக்காது. ரைட் கிளிக், ஐசோலேட், எண்ட் ஆப்ஜெக்ட் ஐசோலேஷன் என்று போனால் வந்துவிடும். வழக்கமான அமைப்பில் ஃபைலை மூடித் திறந்தாலே தானாக வரும். “சிஸ்டத்தை ரீஸ்டார்ட் பண்ணேன், சரியாயிருச்சு” என்று பையன் பெருமையாகச் சொன்னால் நோய் இதுதான் என்று எடுத்துக்கொள்ளலாம்.

ஒன்றிரண்டு லேயர் மட்டும் பளிச்சென்று இருந்து மற்றதெல்லாம் மறைந்தோ மங்கியோ இருந்தால் யாரோ லேஐசோ ஓட்டிவிட்டு டீக்குப் போயிருக்கிறார்கள். லேஅன்ஐசோ அடியுங்கள். ஒவ்வொரு லேயராகத் திறந்து சரிசெய்யப் போனால், ஐசோலேட் செய்வதற்கு முன்பே மூடியிருந்தது எது, பிறகு மூடியது எது என்று கலந்துவிடும்.

எந்த லேயரில் என்ன இருக்கிறது என்றே தெரியாத ஃபைல் வந்தால் லேவாக் நல்ல கருவி. பெயர் மேல் கிளிக் செய்யச் செய்ய அந்த லேயர் மட்டும் திரையில் வரும். கீழே ‘ரெஸ்டோர் ஆன் எக்ஸிட்’ டிக் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மூடுங்கள். அந்த டிக்கை எடுத்துவிட்டு மூடினால் கடைசியாகப் பார்த்த லேயர் மட்டும் மிச்சம் நிற்கும்.

“மாடலில் இருக்கு, லேயவுட்டில் இல்லை”

எனக்கு ஒரு மாதம் தள்ளிப்போன வேலை இதனால்தான். ஆற அமரச் சொல்கிறேன். மாடல் என்பது வீட்டை வரையும் இடம். லேயவுட் என்பது அச்சுக்குப் போகும் தாள். அந்தத் தாளில் மாடலைக் காட்டும் ஜன்னல்தான் வியூபோர்ட்.

புனலூர்ப் பக்கம் ஒரு வீடு. கேரளக் கட்டட விதியில் குடிநீர்க் கிணற்றுக்கும் செப்டிக் டேங்குக்கும் நடுவே 7.5 மீட்டர் இருக்க வேண்டும். சைட் பிளானில் அந்தத் தூரத்தை டைமென்ஷன் போட்டுக் காட்டியிருந்தோம், 8.1 மீட்டர். மாடலில் கிணறு இருக்கிறது, டேங்க் இருக்கிறது, நடுவே அளவும் இருக்கிறது. பிரிண்ட் எடுத்துக் கொடுத்தாயிற்று. இரண்டு வாரம் கழித்து இன்ஜினியர் போன் செய்தார்: “அண்ணாச்சி, பிளான் திரும்பி வந்து. கிணறு எவிடே?” எடுத்துப் பார்த்தால், அளவுக் கோட்டின் ஒரு முனை டேங்கைத் தொடுகிறது. மறுமுனை வெறும் மண்ணைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது.

நடந்தது இதுதான். பையன் முதலில் தரைத்தளப் பிளானுக்கு ஒரு வியூபோர்ட் போட்டு, அதில் மட்டும் சைட் லேயர்களை விபி ஃப்ரீஸ் செய்திருக்கிறான். சைட் பிளானுக்கு அதே வியூபோர்ட்டைக் காப்பி எடுத்திருக்கிறான். வியூபோர்ட்டைக் காப்பி எடுத்தால் அதன் ஃப்ரீஸ் அமைப்பும் கூடவே வரும். ஒவ்வொன்றாகத் திறந்தவன் கிணற்றை ‘வெல்’ என்று டபிள்யூ வரிசையில் தேடினான். லேயரின் பெயரோ மலையாளத்தில் ‘கிணர்’. அது கே வரிசையில் பனிப்பூவோடு உட்கார்ந்திருந்தது.

இந்த அறிகுறி வந்தால் இப்படிப் போங்கள். லேயவுட்டில் அந்த வியூபோர்ட்டுக்குள் டபுள் கிளிக் செய்து, அதன் சட்டம் (ஓரக்கோடு) தடித்ததும் லேயர் பட்டியலைத் திறந்து வலது ஓரம் வரை தள்ளுங்கள். விபி ஃப்ரீஸ் என்று ஒரு பத்தி இருக்கும். மாடல் தாவலில் நின்று எவ்வளவு தேடினாலும் அது தென்படாது. லேயவுட்டில் இருந்தால்தான் வரும். நிறையப் பேர் மாடலில் நின்று பார்த்துவிட்டு “எல்லாம் ஓப்பன்தான் அண்ணாச்சி” என்று சத்தியம் செய்வது இதனால்தான்.

லேதா அடித்தால் இது திறக்காது. அது படம் முழுக்க ஃப்ரீஸ் ஆன லேயரைத்தான் திறக்கும், ஒரு வியூபோர்ட்டுக்குள் ஃப்ரீஸ் ஆனதைத் தொடாது. அதற்கு விபிலேயர் என்று தனிக் கமாண்ட் உண்டு. அடித்ததும் தா (ஃப்ரீஸை நீக்குவது, டி எழுத்து), லேயர் பெயர் கேட்டால் நட்சத்திரக் குறி அல்லது அந்த ஒரு பெயர், பிறகு கரண்ட், செலக்ட், ஆல் என்பவற்றில் ஒன்று. பெயருக்கு நட்சத்திரமும் வியூபோர்ட்டுக்கு ஆலும் சேர்த்துக் கொடுத்தால் எல்லா வியூபோர்ட்டும் திறந்துகொள்ளும். தரைத்தளப் பிளானில் கிணறும் காம்பவுண்டும் வந்து விழும். நான் ‘செலக்ட்’ கொடுத்து அந்த ஒரு சட்டத்தை மட்டும் தொடுவேன்.

விபி ஃப்ரீஸ் பக்கத்திலேயே ‘நியூ விபி ஃப்ரீஸ்’ என்று இன்னொரு பத்தி. இனிமேல் போடப்போகும் வியூபோர்ட்டில் இந்த லேயர் பிறக்கும்போதே மூடியிருக்கும் என்று அர்த்தம். “பழைய ஷீட்டுல வருது, புது ஷீட்டுல வரல” என்றால் இதைப் பாருங்கள்.

இன்னும் இரண்டு சங்கதி. முழு வியூபோர்ட்டும் காலியாக இருந்தால் அதன் சட்டத்தைத் தேர்ந்து பிராப்பர்ட்டீஸில் ‘ஆன்’ என்ற இடத்தில் ‘நோ’ இருக்கிறதா பாருங்கள். கோடு இருக்கிறது, நிறம் மட்டும் தாளோடு தாளாகப் போய்விட்டது என்றால் விபி கலரில் யாரோ மாற்றியிருப்பார்கள். அப்படி மாற்றிய வரி பட்டியலில் வேறு பின்னணி நிறத்தில் தெரியும்.

“ஸ்கிரீனில் தெரியுது, பேப்பரில் வரல”

முதலில் பிரிண்டர் படம். அதில் குறுக்குக் கோடு இருந்தால் அந்த லேயர் அச்சுக்குப் போகாது. வியூபோர்ட் சட்டங்களுக்கென்று இப்படி ஒரு லேயர் வைப்பது நல்ல பழக்கம். அந்த லேயரையே கரண்ட்டாக விட்டுவிட்டு அதில் டாய்லெட்டையும் வாஷ்பேசினையும் வரைவது கெட்ட பழக்கம். எங்கள் ஆபீஸில் இரண்டும் உண்டு.

பட்டியலில் டெஃப்பாயிண்ட்ஸ் என்று தானாக வந்த ஒரு லேயர் இருக்கும். டைமென்ஷன் போட்டதும் அதன் புள்ளிகளுக்காக ஆட்டோகேட்டே உண்டாக்குவது. அது அச்சாகாது, பிரிண்டர் படத்தைத் தட்டி மாற்றவும் முடியாது. அதில் ஏதாவது வரைந்திருந்தால் வேறு லேயருக்கு மாற்றுவதுதான் ஒரே வழி. மாற்றப் போனால் கையில் சிக்கவில்லையா? 0 லேயரைப் பாருங்கள். 0 ஃப்ரீஸ் ஆகியிருந்தால் டெஃப்பாயிண்ட்ஸில் இருப்பது கண்ணுக்குத் தெரியும், கைக்கு அகப்படாது. இந்த ஒன்றுக்காக நான் பட்ட பாடு கொஞ்சமல்ல.

லேயரில் குற்றமில்லை, ஆனால் கோடு வெளுத்து வருகிறது அல்லது கறுப்பு-வெள்ளை அச்சில் கலராக வருகிறது என்றால் நிறத்தைப் பாருங்கள். மோனோகுரோம் சிடிபி (எல்லாவற்றையும் கறுப்பில் அச்சிடச் சொல்லும் அமைப்பு ஃபைல்), 1 முதல் 255 வரையுள்ள எண் நிறங்களைத்தான் கறுப்பாக்கும். ட்ரூ கலர் (எண்ணுக்குப் பதில் சிவப்பு, பச்சை, நீலக் கலவையாகச் சொல்லும் நிறம்) கொடுத்த லேயரை அப்படியே விட்டுவிடும். வெள்ளையை எண் 7 என்று கொடுக்காமல் ட்ரூ கலரில் வெள்ளையாகக் கொடுத்திருந்தால் வெள்ளைத் தாளில் வெள்ளைக் கோடு விழும்.

“கதவு பாதி தெரியுது”

சட்டம் நிற்கிறது, பலகையைக் காணும். அல்லது ‘டோர்’ லேயரை ஆஃப் செய்தும் கதவு அசையாமல் நிற்கிறது. ஆஃபுக்கும் ஃப்ரீஸுக்கும் உள்ள வித்தியாசம் முழுக்க விளங்குவது ப்ளாக்கில்தான். பல கோடுகளை ஒரே பொருளாகக் கட்டி வைத்தது ப்ளாக், அதைப் படத்தில் கொண்டுவந்து வைப்பது இன்செர்ட்.

எங்கள் கதவு ப்ளாக்கை எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே நிலை 0 லேயரில், பலகையும் திறக்கும் வளைவும் ‘ஸ்விங்’ லேயரில். மொத்த ப்ளாக்கையும் ‘டோர்’ லேயரில் இன்செர்ட் செய்திருக்கிறோம். ப்ளாக்குக்குள் 0 லேயரில் வரைந்தது, போகிற வீட்டுப் பிள்ளையாகிவிடும், அதாவது இன்செர்ட் ஆன லேயரின் குணத்தை எடுத்துக்கொள்ளும். மற்ற லேயரில் வரைந்தது தன் பிறந்த லேயரிலேயே நிற்கும்.

இப்போது ‘டோர்’ லேயரை ஆஃப் செய்யுங்கள். நிலை மறையும், பலகையும் வளைவும் அந்தரத்தில் நிற்கும். ‘டோர்’ லேயரை ஃப்ரீஸ் செய்யுங்கள். உள்ளே எது எந்த லேயரில் இருந்தாலும் சரி, ப்ளாக் முழுசாகப் போய்விடும். ‘ஸ்விங்’கை ஆஃப் செய்தாலும் ஃப்ரீஸ் செய்தாலும் பலகை மட்டும் போகும், நிலை இருக்கும். ப்ளாக் சம்பந்தப்பட்ட இடத்தில் நான் ஆஃபைத் தொடுவதே இல்லை, ஃப்ரீஸ்தான்.

எந்த லேயரில் இன்செர்ட் ஆகியிருக்கிறது என்று அறிய ப்ளாக்கைத் தேர்ந்து லிஸ்ட் அடியுங்கள். உள்ளே என்ன லேயர் என்று அறிய பிஎடிட்டில் திறந்து பாருங்கள். இணையத்தில் இறக்கிய ப்ளாக்குகள், குறிப்பாக கார், மரம், சோபா செட், உள்ளே ஏழெட்டு லேயர் சுமந்து வரும். எனக்கு நேரமிருந்தால் பிஎடிட்டில் எல்லாவற்றையும் 0-வுக்கு மாற்றிச் சேமிப்பேன். நேரமில்லாத நாளில் அந்த ப்ளாக்கே வேண்டாம்.

“வீட்டை நகர்த்தினேன், பாதி அங்கேயே நின்னுட்டு”

முன்பக்கம் விட வேண்டிய இடம் போதாது, வீட்டை 60 சென்டிமீட்டர் பின்னால் தள்ளிவிடுங்கள் என்று வீட்டுக்காரர் சொன்னார். பையன் மூவ் அடித்து, ‘ஆல்’ என்று கொடுத்துத் தள்ளிவிட்டான். திரையில் பார்த்தால் எல்லாம் பொருந்தியிருந்தது. எலெக்ட்ரிகல் லேயர்கள் ஃப்ரீஸில் இருந்தன, யாருக்கும் நினைவில்லை. பத்து நாள் கழித்து அவற்றைத் திறந்து பிரிண்ட் எடுத்துக் கொடுத்தோம். சைட்டிலிருந்து எலெக்ட்ரீஷியன் போன்: “அண்ணாச்சி, ஸ்விட்ச் போர்டு சிட்அவுட்டுக்கு வெளிய முத்தத்துல நிக்கு. அங்க யாரு வந்து லைட்டு போடப்போறா?”

‘ஆல்’ என்றால் எல்லாம் அல்ல. ஃப்ரீஸ் ஆனதையும் பூட்டியதையும் அது எடுக்காது. ஆஃப் ஆனதை எடுத்துக்கொள்ளும், அதுதான் திரைக்குப் பின்னால் நிற்கிற ஆள். அதனால் ஒரே ‘ஆல்’ இரண்டு விதமாகக் கடிக்கும். மூவில், ஃப்ரீஸ் ஆனது பின்தங்கிவிடும். எரேஸில், கண்ணுக்குத் தெரியாத ஆஃப் லேயரும் சேர்ந்து அழிந்துவிடும். பின்னது ஆபத்து அதிகம், காரணம் அழிந்தது கண்ணிலேயே படாது. உடனே தெரிந்தால் ஊப்ஸ் அல்லது அன்டூ. மறுநாள் தெரிந்தால் பக்கத்தில் கிடக்கும் பிஏகே ஃபைலின் (முந்தின சேமிப்பின் நகல்) பெயர்க்கடைசியை டிடபிள்யூஜி என்று மாற்றித் திறந்து பாருங்கள்.

பின்தங்கியதைச் சேர்க்க அந்த லேயர்களை மட்டும் லேஐசோவில் எடுத்து, சுவரில் தெளிவாகத் தெரியும் ஒரு மூலைக்கும் பழைய இடத்துக்கும் உள்ள தூரத்தை டிஸ்ட்டில் அளந்து, அதே அளவு தள்ளுங்கள். கண்ணளவில் பொருத்தாதீர்கள். 60 சென்டிமீட்டர் 59.7 ஆகிவிடும், பிறகு ஆயுசுக்கும் அந்த மூன்று மில்லி துரத்தும். ஒரு ஆறுதல்: ப்ளாக்குக்குள் ஒரு பகுதி மட்டும் ஃப்ரீஸ் ஆகியிருந்தால் கவலை வேண்டாம், ப்ளாக்கை நகர்த்தினால் அதுவும் கூடவே வரும்.

மொத்தப் படத்தையும் நகர்த்தும் முன் மட்டும் நான் என் விதியை நானே மீறுவேன். லேயர் ஸ்டேட் (எந்த லேயர் திறந்திருக்கிறது, எது மூடியிருக்கிறது என்ற பதிவு) ஒன்று சேமித்துவிட்டு, எல்லாம் திறந்து, பூட்டெல்லாம் எடுத்து, நகர்த்திவிட்டு, ஸ்டேட்டைத் திரும்ப அழைப்பேன்.

“காலையில் மூடினேன், சாயங்காலம் திறந்து கிடக்கு”

எக்ஸ்ரெஃப் ஆக இருக்கும், அதாவது நம் படத்துக்குள் ஒட்டாமல் இணைத்து மட்டும் காட்டுகிற வேறொரு ஃபைல். சர்வேயரின் ஃபைலை எக்ஸ்ரெஃப்பாக இணைத்தால் அதன் லேயர்கள் ஃபைல் பெயர், நடுவே ஒரு செங்குத்துக் கோடு, பிறகு லேயர் பெயர் என்று வரும். அவற்றை உங்கள் படத்தில் மூடலாம். அந்த மாற்றம் நிலைக்குமா என்பதை விஸ்ரீடெய்ன் என்ற மாறி தீர்மானிக்கிறது. 1 என்றால் நீங்கள் செய்தது நிற்கும். 0 என்றால் ஒவ்வொரு முறை ஃபைல் திறக்கும்போதும் ரீலோடு செய்யும்போதும் சர்வேயர் வைத்த அமைப்பே திரும்பி வரும். வழக்கம் 1. யாரிடமிருந்தோ வந்த டெம்ப்ளேட்டில் 0 இருந்து நாங்கள் இரண்டு நாள் பேய் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

எக்ஸ்ரெஃப் முழுசாக மறைந்தால் அதை இணைத்தபோது கரண்ட்டாக இருந்த லேயரைப் பாருங்கள். அது ஃப்ரீஸ் ஆனால் மொத்த ஃபைலும் போகும், கதவு ப்ளாக் போலவே. எக்ஸ்ரெஃப்புக்குள் இன்னொரு எக்ஸ்ரெஃப் இருந்து அது மட்டும் வரவில்லையென்றால், உள்ளே அதை அட்டாச் செய்யாமல் ஓவர்லே செய்திருப்பார்கள். ஒரு பகுதி மட்டும் கத்தரித்தாற்போல் இருந்தால் எக்ஸ்கிளிப்.

“அந்தப் பெயரில் லேயரே இல்லையே”

பொருளைத் தேர்ந்தால் பிராப்பர்ட்டீஸில் லேயர் பெயர் வருகிறது, பட்டியலில் தேடினால் கிடைக்கவில்லை. இடதுபக்கம் உள்ள ஃபில்டர் மரத்தில் ‘ஆல்’ தேர்வாகியிருக்கிறதா, ‘இன்வர்ட் ஃபில்டர்’ டிக் விழுந்திருக்கிறதா, மேலே தேடல் பெட்டியில் பழைய சொல் ஏதும் கிடக்கிறதா என்று பாருங்கள். இவ்வளவுதான்.

“மங்கலாத் தெரியுது, தொட முடியல”

பூட்டியிருக்கிறது. பூட்டிய லேயரை மங்கவைப்பது லேலாக்ஃபேட்-சிடிஎல் அமைப்பு, வழக்கம் 50. கண்ணுக்கு எரிச்சலாக இருந்தால் 0 கொடுங்கள். நான் 50-லேயே விடுவேன். மங்கலாக இருந்தால்தான் பையன் கை வைக்காமல் இருக்கிறான்.

லேயர் மேல் வீண் பழி

சில மறைவுகளில் லேயருக்குப் பங்கே கிடையாது. ஹாட்சும் தடித்த பாலிலைனும் உள்ளீடற்றுப் போனால் ஃபில்மோட் 0 ஆகியிருக்கிறது. எழுத்தெல்லாம் வெறும் பெட்டியானால் க்யூடெக்ஸ்ட் ஆன் ஆகியிருக்கிறது. இரண்டையும் மாற்றியபின் ரீஜென் அடிக்க வேண்டும். ஒரு வியூபோர்ட்டில் அளவுகள் வந்து இன்னொன்றில் வராவிட்டால், அவை அனோட்டேட்டிவாக (ஸ்கேலுக்கு ஏற்ப அளவு மாறும்படி) இருந்து அந்த ஸ்கேல் அவற்றோடு சேர்க்கப்படாமல் இருக்கலாம். எழுத்தின் மேல் ஹாட்ச் உட்கார்ந்திருந்தால் ட்ராஆர்டர் அடித்து ஹாட்சைப் பின்னால் தள்ளுங்கள். லேயரைத் திறந்தபின்னும் வியூபோர்ட்டில் வரவில்லையென்றால் பதறுவதற்கு முன் ஒருமுறை ரீஜென்ஆல்.

ஸ்டேட் சேமிக்கும்போது

ஒவ்வொரு படத்திலும் இரண்டு லேயர் ஸ்டேட் வைத்திருக்கிறோம். ஒன்று ‘பஞ்சாயத்து’: சுவர், அளவு, எல்லை, கிணறு, டேங்க். இன்னொன்று ‘கொத்தனார்’: அதோடு கம்பி, லின்டல், சன்ஷேட், பைப். யார் எதைக் கலைத்தாலும் லேயர்ஸ்டேட் திறந்து பெயரைத் தட்டினால் பழையபடி. ஸ்டேட்டை லாஸ் (எல், ஏ, எஸ்) ஃபைலாக ஏற்றுமதி செய்து படத்தோடு அனுப்பினால் எதிர்ப்பக்கத்து ஆளும் அதே முகத்தைப் பார்ப்பார்.

இதிலும் ஒரு கண்ணி உண்டு. திரும்ப அழைக்கும்போது ‘டர்ன் ஆஃப் லேயர்ஸ் நாட் ஃபவுண்ட் இன் லேயர் ஸ்டேட்’ என்று ஒரு டிக் வரும். ஸ்டேட் சேமித்தபின் உண்டாக்கிய லேயரெல்லாம் அந்த டிக்கால் ஆஃப் ஆகிவிடும். போன வாரம் புனலூர் இன்ஜினியர் மாடிப்படியைத் திருப்பி வரைந்து, அதற்குப் புது லேயர் வைத்து அனுப்பினார். பையன் ‘பஞ்சாயத்து’ ஸ்டேட்டைத் தட்டினான், பிரிண்ட் போயிற்று. மறுநாள் காலை போன்: “அண்ணாச்சி, மேலே ரூம் உண்டு, ஸ்டெப் காணானில்ல.” ஸ்டேட்டை அப்டேட் செய்துவிட்டு, அந்த டிக்கையும் எடுத்துவிட்டு, புது பிரிண்டைப் புனலூர் பஸ்ஸில் கொடுத்துவிட்டோம்.